பஸ்ஸில் செல்வி கேட்டது

இன்று ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் செல்வி. தொண்ணூறுகளில் செட்டியார்பட்டி பெண்கள் சங்கத்துக்கு நான் பயிற்சி கொடுத்தபோது அதில் இருந்தவள்.

அடிபட்டு வரும் பெண்ணுக்கு எப்படி உதவுவது என்பதுதான் பயிற்சி. அடிவாங்கிய மனைவியாக நான் நடித்தேன். சங்கத்துப் பெண்கள் உடனே, புருஷனாக நடித்தவளைக் கூப்பிட்டு, எனக்குப் பூ வைத்துவிடச் சொல்லி, அவளோடு அனுப்பிவிட்டார்கள். அதைத்தான் செய்யக்கூடாது என்று பொழுது சாயும்வரை பேசினேன்.

செல்வி சிரித்தாள். "இப்பல்லாம் அப்படி யாரையும் அனுப்புறதில்லக்கா. ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நாங்க போகச் சொன்னதும் ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சுப் போனீகளே, அது நடிப்புதானா?"

ஊர் வருமுன்பே இறங்கிவிட்டேன். வெயிலில் நடந்துகொண்டே இதைப் போனில் எழுதுகிறேன்.

"நடிப்புதான்" என்று சொல்ல எம்புட்டு நேரம் ஆகும், நீங்களே சொல்லுங்கள்?