மேலேயிருந்து வீடு காட்டுகிறவர்

என் அக்காவின் கணவர் வீட்டுப் புரோக்கர். நகரத்தில் வீட்டுப் புரோக்கர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீடு வாங்க வருகிறவர்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால், நகரத்தின் நடுவில் நிற்கிற உயரமான கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போகிற புரோக்கர் இவர் ஒருவர்தான். அதனால் தொழிலில் உள்ளவர்கள் இவருக்கு 'மாடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாமாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு நாலு பேர் நம்மைப் பற்றி யோசித்திருக்கிறார்களே என்பார்.

அந்தக் கட்டடத்தில் கீழேயெல்லாம் அலுவலகங்கள். உச்சித் தளத்தில் சுற்றிலும் கண்ணாடி போட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊரைப் பார்க்க விடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் வருவார்கள். அவர்கள் நெற்றியை வைத்துப் பார்த்த இடமெல்லாம் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைத் துடைப்பதற்கென்றே ஒரு அம்மாள் துணியும் வாளியுமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார். மாமாவும் மாதத்தில் பாதி நாள் அங்கே இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் அவரையும் அங்கே வேலை பார்ப்பவர் என்றே நினைப்பார்கள்.

மேலே கூட்டிப்போவதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எந்தத் தெருவிலும் சாக்கடை நாறாது. பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழாது. பள்ளிக்கூடம், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரு சாணுக்குள் வந்துவிடும். "இதோ, கூப்பிடு தூரம்" என்று விரலை நீட்டுவார். நடந்தால் நாக்குத் தள்ளிவிடும். கேட்டால், ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால் நூறு பொய் சொல்லி ஒரு வீடு விற்கக் கூடாதா என்று என்னிடமே நியாயம் பேசுவார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிற வீட்டை அவர் தொடவே மாட்டார். அவருடைய பொய்களெல்லாம் தூரத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும்தான்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வீடு வாங்க வருகிறவர்கள் மோட்டார் எப்படி, வயரிங் எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல என்னைக் கூட வைத்துக்கொள்வார். அவர் பொய்க்கு நான் சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் கொடுத்தவருக்குச் சொந்த வீடு கிடையாது. அக்கா கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளாகவே மாறிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எல்லா ஓனர்களும் சொல்வார்கள். அவளும் காலண்டரைக்கூட மேஜை மேல் சாய்த்து வைத்தே காலத்தை ஓட்டினாள். இப்போது இருக்கிற வீட்டுக்கு வந்தபோதுதான் அந்த ஓனர், ஒரு பெரியவர், ஆணி என்ன, உனக்கு வேண்டியதைச் செய்துகொள் அம்மா என்று சொல்லிவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார்.

அதற்கப்புறம் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. சமையலறைக்கு அலமாரி அடித்தாள். ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க ஆர்டர் பிடித்தாள். போன கோடையில் கொத்தனாரைக் கூட்டிவந்து, மொட்டை மாடியில் இருந்த விரிசலையெல்லாம் அடைக்கச் சொல்லி, வெயில் இறங்காமலிருக்க வெள்ளைப் பூச்சு அடித்தாள். அடித்தாள் என்றால் அவளே அடித்தாள். கொத்தனார் விரிசலை அடைத்ததோடு சரி. பூச்சு காய்ந்ததும் தண்ணீர் போகிற ஓட்டையில் துணியை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் தேக்கி, கீழே வந்து ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகள் முதல் வகுப்பில் பாஸ் செய்து வெளியூருக்குப் படிக்கப் போனபோதுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

அந்த வீட்டைத்தான் ஓனர் விற்கச் சொன்னார். மகனுக்கு ஏதோ அவசரமாம். நீயே புரோக்கர், நீயே குடியிருக்கிறாய், உன்னைவிட நல்ல ஆள் யார், விற்றுக் கொடு, உன் கமிஷனை எடுத்துக்கொள் என்று போனில் சொல்லிவிட்டார். மாமா சரி என்று சொல்லிவிட்டு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, "உங்க அக்காகிட்ட எப்படிச் சொல்றது மாப்ளே?" என்றார். வாயை வைத்தே பிழைக்கிற மனிதர் அப்படிக் கேட்டதும் எனக்கே பயமாகிவிட்டது.

அவர் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஓனர் சொல்லி யாராவது வந்தால், அவர்களை நேரே மேலே கூட்டிப்போய், அங்கேயிருந்தே அந்த வீட்டைக் காட்டி, வேண்டாம் என்று சொல்ல வைத்து அனுப்பிவிடுவார். எந்த வீட்டையும் அரண்மனையாக்குகிற வாய், இந்த ஒரு வீட்டை மட்டும் மாட்டுக்கொட்டகையாக்கியது. ஓனர் போன் பண்ணினால் மார்க்கெட் டல் சார் என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள், என்றைக்காவது அக்காவுக்குத் தெரியத்தான் போகிறது என்று நான் கத்தினேன். தெரிகிற வரைக்கும் அவள் நிம்மதியாக இருக்கட்டுமே என்றார்.

இதற்கு நடுவில் அக்கா அந்தக் கட்டடத்துக்கு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் மேலேயிருந்து நகரத்தைக் காட்டுகிறீர்கள், கட்டின பெண்டாட்டிக்கு ஒரு நாள் காட்டினீர்களா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு ஒரு மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் வருவதாக இருந்தது. அவர்கள் பார்க்க வந்தது கிழக்குப் பக்கம் ஒரு வீடு. அக்கா வீடு மேற்குப் பக்கம். ஒன்றும் ஆகாது என்று நினைத்து மாமா அவளையும் வரச் சொன்னார்.

லிஃப்ட் ஏறும்போது காது அடைத்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போனதும் விட்டுவிட்டாள். மேலே வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என்ன செய்வார்கள் என்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆறு, பாலம், மைதானம் என்று பார்க்க எவ்வளவோ இருக்கும். ஆனால் கண் தன் வீட்டைத்தான் தேடும். கண்டுபிடிக்கிற வரை முகத்தில் ஒரு தவிப்பு இருக்கும். அக்காவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. சாம்பல் நிறக் கூரைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரே ஒரு மொட்டை மாடி. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"எவ்ளோ சின்னதுடா" என்றாள். "இதுக்குள்ளயா நான் நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கேன்?"

ஒரு வீட்டை இத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் அது யாருடையது என்று தெரியாது. வாடகையா சொந்தமா என்று கூரையில் எழுதியிருக்காது. அவள் பார்த்த பார்வையில் அது அவளுடையதாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மருந்துக் கடைக்காரரும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். மாமா அவர்களைக் கிழக்குப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தார். மருந்துக் கடைக்காரர் நகரவில்லை. கிழக்கு இருக்கட்டும், மேற்குப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதாமே, நேற்று அந்த ஓனரிடமே போனில் பேசிவிட்டேன், அடையாளத்துக்கு மாடி வெள்ளையாக இருக்கும் என்றார், அதோ அதுதானே என்று அக்கா நின்ற பக்கமாகவே நடந்தார். மாமாவுக்கு வேர்த்துவிட்டது. ஆனால் வாய் பழக்கத்தில் ஓடியது.

"அது வேண்டாம் சார். மேல்தளம் ஒழுகும். மழை வந்தா வீட்டுக்குள்ள குடை பிடிக்கணும்."

அக்கா திரும்பினாள். விலை, ஓனர் என்கிற பேச்செல்லாம் அவள் காதில் விழவில்லை. மாடி ஒழுகும் என்றது மட்டும் விழுந்தது.

"எந்த வீடு? நம்ம வீடா ஒழுகுது?"

நான் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். கண்ணில் தூசியா என்று கேட்டுவிட்டு அவள் மருந்துக் கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டாள். விரிசல் அடைத்தது, பூச்சு அடித்தது, துணியை அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பார்த்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். மாமா தண்ணீர் உப்பு என்றார். ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். மாமா கடைசி ஆயுதமாக என்னைப் பார்த்து, மோட்டார் அடிக்கடி எரிந்துபோகுமே மாப்ளே என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். காயில் கட்டினது நீதானே, கட்டின நாளிலிருந்து ஒரு நாளாவது நின்றிருக்கிறதா என்று அக்கா கேட்டாள். இல்லை என்பதுதான் உண்மை. நான் நன்றாகத்தான் கட்டியிருந்தேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சாயங்காலம் ஜன்னலில் வருகிற காற்று, மதியம் வரைக்கும் விளக்குப் போடாமல் தைக்கிற வெளிச்சம், எந்தக் குழாயை எவ்வளவு திருகினால் சத்தம் வராது என்பது வரைக்கும் சொன்னாள். மாமா இத்தனை வருடத்தில் எந்த வீட்டைப் பற்றியும் இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. மருந்துக் கடைக்காரரின் மனைவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விற்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா சிரித்தாள். "விக்கிறாங்களா? யாரு?"

"ஓனர்தாங்க. அங்க குடியிருக்கிற உங்க வீட்டுக்காரரே புரோக்கர்னு அவர் சொன்னாரே."

அக்கா மாமாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று எதிர்பார்க்கிற மாதிரி பார்த்தாள். மாமா ஆமாம் என்று தலையை அசைத்தார். துடைக்கிற அம்மாள் வந்து எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். நாலு பேரும் தள்ளி நின்றோம். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் நெற்றி பட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு அந்த அம்மாள் துடைத்துக்கொண்டு போனார்.

மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல பெண்மணி. முகமெல்லாம் சிவந்து, எங்களுக்குத் தெரியாதுங்க என்றார். அப்புறம் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒழுகுமா, ஒழுகாதா? நீங்க சொல்றதைத்தான் நான் நம்புவேன்."

இதைவிட எப்படி ஒருத்தி இன்னொருத்திக்கு வழி விட முடியும்? ஒழுகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் போய்விடுவார்கள். வீடு இன்னும் கொஞ்ச காலம் அவளிடம் இருக்கும். நான் மனதுக்குள் சொல்லு, சொல்லு என்று அடித்துக்கொண்டேன். அக்கா கண்ணாடி வழியாகத் தன் மொட்டை மாடியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒழுகாது" என்றாள்.

அவர்கள் ஓனருக்குப் போன் செய்ய ஓரமாகப் போனார்கள். நாங்கள் மூவரும் லிஃப்டில் இறங்கினோம். உள்ளே வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல வீடாகப் பார்த்துத் தருகிறேன் என்றார் மாமா. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். மழைக்கு முன்னாலிருந்தே என்றார். வந்தவர்கள் எல்லோரிடமும் ஒழுகுகிறது என்றா சொன்னீர்கள் என்று கேட்டாள். ஒழுகுகிறது, உப்புத் தண்ணீர், மோட்டார் சரியில்லை, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன் என்றார்.

"வித்திருந்தா கமிஷன் உங்களுக்குத்தானே வந்திருக்கும்?"

"ஆமா."

அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கமிஷன் இல்லாம நீங்க ஒரு பொய் சொல்லி நான் பாத்ததில்லையே" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.