வெடிக்கும் மிசின்

சாத்தூர் நெடுஞ்சாலை ஹோட்டலில், பட்டாசு ஆலைப் படம் போட்ட புது பின்பால் விளையாட்டு மிசின் ஒன்று இருந்தது. இரும்புக் குண்டைக் கீழே விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் படத்திலுள்ள ஆலை வெடித்து எரியும்.

ஆலை வேன் ஓட்டும் நரைமீசைக்காரர் ஒருவர் தோற்கும்போதெல்லாம் சிரிப்பார். "அசல் மாதிரியே வெடிக்கு, பாத்தீகளா!"

ஒருநாள் அவர் வேலை பார்த்த ஆலையே வெடித்தது. அவர் வேனில் வேலைக்குப் போன பெண்கள் சிலர் இறந்தார்கள்.

பிறகு வேறு கம்பெனிக்கு வேன் ஓட்டியவரை அதே மிசின் முன்னால் பார்த்தேன். பல்லைக் கடித்தபடி ஆடிக்கொண்டிருந்தார்.

"இன்னுமா இது பிடிச்சிருக்கு?" என்றேன் கோபமாக.

"நாசமாப் போற மிசின். செஞ்சவன் வெளங்குவானா?"

"பெறகு ஏன் ஆடுறீக?"

"நான் ஆடுற வரைக்கும் வேற எவனும் இத வெடிக்க வைக்க முடியாதுல்லா."

வேனில் காத்திருந்த பெண்கள் ஹாரனை அழுத்தினார்கள். அவர் குண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.