தூக்க மாட்டேன்

மலேசியாவின் ஈப்போவில் நான் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். யாரை எந்த நேரத்தில் எங்கே நிறுத்தினால் அதிகப் பெட்டிகள் கட்டலாம் என்பதைக் கணக்கிடுவதுதான் அவருடைய முதுகலை ஆய்வு. கட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். நாற்காலி கொடுத்தாலும் உட்கார மாட்டார். ஷிப்ட் முடியும்வரை எங்களோடு நின்றே குறிப்பெடுப்பார்.

நான்கு மாதம் கழித்து, எங்களுக்கு ஓய்வும் சேர்த்து அவர் போட்ட கணக்கைப் பார்த்த மேனேஜர், "இந்தப் பத்து நிமிஷ ரெஸ்ட் டைம தூக்கிரும்மா. இன்னும் நல்ல ஆன்சர் வரும்லா," என்றார்.

"வரும் சார். ஆனா தூக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வராத. இங்க எடுத்த டேட்டாவையும் தொடக் கூடாது."

மாணவி மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்பினார். நான் அவர் பின்னால் வாசல்வரை ஓடினேன். "தூக்கிட்டு பட்டத்த வாங்கும்மா. நின்னு நின்னு எங்களுக்குப் பழகிருச்சுலா."

"எனக்குப் பழகலண்ணே. நானும் நாலு மாசம் நின்னேன்லா. வேற கம்பெனில மொதல்லேர்ந்து எடுப்பேன்."

அவருக்குப் பட்டம் கிடைத்ததா, தெரியவில்லை. பதினோரு வருடம் அங்கே நின்ற நான், அந்த மேனேஜரிடம் ஒருமுறைகூட 'மாட்டேன்' என்று சொன்னதில்லை.