சீன் போடாதே, அம்மா

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பாசாங்கு, பவிசு, அலட்டல், நீலிக் கண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அவை எல்லாம் சண்டைக்கு இழுக்கும் சொற்கள். ‘நீலிக் கண்ணீர் வடிக்காதே’ என்றால், ‘யாருடி நீலி?’ என்று எதிராளி கொண்டையை முடிந்துகொண்டு வந்துவிடுவாள். ‘சீன் போடாதே’ என்றால் வரமாட்டாள். அழுகிறவளை ஒரே நொடியில் நடிகையாக்கிவிடும் சொல் அது. அதற்குமேல் அவள் எப்படி அழுதாலும் நடிப்புதான். அதனால்தான் எனக்கு அந்த மாதிரி ஆங்கிலச் சொற்கள் அவ்வளவு பிடித்திருந்தன.

அவற்றைக் கற்றுக்கொண்டது கடற்கரைப் பக்கம் இருக்கும் ஓர் ஓட்டலில். மஞ்சள் சுவர், வெள்ளை வாசல், உள்ளே நுழைகிறவர்களுக்கு ‘போன்ழூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும் மேசை. அந்த மேசையில்தான் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். யாராவது குரலை உயர்த்தினால் ‘டிராமா’. கையை ஆட்டிப் பேசினால் ‘ஓவர்’. ஜிகினா வைத்த புடவை கட்டி வந்தால் ‘டூ மச்’. அறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறிய கும்பகோணத்து அம்மாள் ஒருத்திக்கு எங்கள் மேனேஜர் கொடுத்த பட்டம் ‘மெலோடிராமா’. அதே கரப்பானைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரி அலறியபோது வேறு அறை கொடுத்து, மன்னிப்பும் கேட்டோம். அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அந்தச் சொற்களை ஓட்டல் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். முத்தியால்பேட்டைக்கு, என் வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

என் அம்மா எதையும் மெல்லச் செய்தவள் இல்லை. வைத்திக்குப்பத்தில் மீன் விலையைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். “அடிப்பாவி, நான் மீனு வாங்க வந்தனா, உன் வூட்ட வாங்க வந்தனா?” மீன்காரம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “தாயே, இவ கண்ணு என் கூடை மேல படாம பாத்துக்கோ” என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் இரண்டு மீன் கூடுதலாக விழும். நான் ஸ்கூட்டி பக்கத்தில், யாரோ எவரோ மாதிரி நின்றுகொண்டிருப்பேன். “ஓவரா பண்ணாதம்மா” என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வருவேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

சாவு வீட்டில்தான் அம்மாவுக்கு உண்மையான மதிப்பு. எங்கள் தெருப் பெண்கள் சாவுக்குத் தனித்தனியாகப் போவதில்லை. தெருமுனையில் கூடி ஒன்றாகப் போவார்கள், அம்மா வராமல் அந்தக் கூட்டம் கிளம்பாது. போனதும் செத்தவரின் மனைவிதான் முதலில் குரலெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்கள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். அவள் தொடங்காமல் மற்றவர்கள் தொடங்குவது முறையில்லை.

அப்பா ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வேலை பார்த்த மில் மூடியபின் ஒரு கடையில் வாட்ச்மேனாக இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே அம்மா மரத்துப்போய் நின்றிருந்தாள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது மதியம் ஆகிவிட்டது. நாலு மணிக்கு எடுப்பதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அப்பாவை நடுவீட்டில் கிடத்தியதும் அம்மா மூச்சை இழுத்து, இரண்டு கையையும் தூக்கினாள். அப்போது என் போன் அடித்தது. மேனேஜரும் ஓட்டல் ஆட்களும் தெருமுனைக்கு வந்துவிட்டார்களாம்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். “ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. அவங்க முன்னாடி சீன் போடாதம்மா. கொஞ்சம் டீசன்ட்டா இரு.”

வாழ்நாளெல்லாம் என் பேச்சைக் கேட்காதவள் அன்றைக்குக் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்து அவள் தோளைத் தொட்டுக் காத்திருந்தார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். அப்பாவை எடுக்கும்வரை மேனேஜர் மரியாதைக்காக இருந்தார். கிளம்பும்போது, “உங்க அம்மா எவ்ளோ டிக்னிஃபைட்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. செத்தவர் என் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது.

கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு ஆண்கள் போனபின், அப்பாவின் தங்கை, என் அத்தை, வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “ஒரு சொட்டுக் கண்ணீரு வரல பாரு. எப்ப போவான்னு காத்துக்கினு இருந்தா போல.” அந்தப் பேச்சு கருமாதிக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. புருஷனுக்கே அழாதவள் மற்றவர்களுக்கு அழுததெல்லாம் நடிப்பு என்று ஆகிவிட்டது. அதன்பிறகு எந்தச் சாவுக்கும் அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

பொறுக்கமுடியாமல் அத்தை வீட்டுக்குப் போய், “நான்தான் அழாதேன்னு சொன்னேன்” என்று உண்மையைச் சொன்னேன். அத்தை சிரித்தாள். “பொண்ணு சொன்னா நின்னுடுமா அழுகை? வந்திருந்தா நின்னிருக்காது.” அவள் கேட்டது நியாயம்தானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. ஊர் சந்தேகப்பட்டது போதாதென்று பெற்ற மகளும் சந்தேகப்பட்டேன்.

போன மாசம் அடுத்த தெருவில் ஒரு சாவு. பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார்கள், ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டே விட்டேன். “அன்னிக்கு உனக்கு நெஜமாவே அழுகை வரலியாம்மா?”

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உன் ஆபீஸ்காரங்க போனதும் அழுவலாம்னு அடக்கிக்கினு இருந்தேன். அவுங்க போறதுக்குள்ள அவர தூக்கிட்டாங்க.”