போன் காட்டிய வழியும் கர்த்தர் அனுப்பிய ஆளும்

சபையாருக்கு ஸ்தோத்திரம். இந்தச் சாட்சியைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஐப்பசியில், அடைமழை விட்ட மறுநாள், ஜவ்வாது மலையில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். அங்கே என் ஆறு வயது மகள் ஜெனிக்கு வீசிங் வந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பிரே காலி. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்ற நிலைமை.

நான் கணியம்பாடியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். யாரிடமும் வழி கேட்கமாட்டேன், கௌரவக் குறைச்சல். போனில் மேப்பைப் போட்டேன். ஓரிடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே பச்சைத் தழை கிடந்தது. ஆட்டுக்கு வெட்டியது என்று நினைத்து அதன்மேல் ஏற்றிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்தில் பாறை சரிந்து ரோட்டையே காணோம்.

மேப்போ "நேராகச் செல்லவும்" என்றது. எங்கே செல்வது, பாறைக்குள்ளேயா? திருப்பினேன். வேறு வழி காட்டியது. அது யாரோ ஒருவருடைய சாமைக் கொல்லையில் போய் முடிந்தது. அங்கிருந்து மறுபடியும் அதே பாறைக்குப் போகச் சொன்னது. போனைப் பின்சீட்டில் வீசினேன். ஜெனிக்கு நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு வந்தது. என் மனைவி அழக்கூட இல்லை, ஜெனியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கதறினேன்.

"ஆண்டவரே, எனக்கு வழி தெரியல. யாரையாவது அனுப்புங்க."

இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் என் வாயால் அப்படிச் சொன்னேன்.

நிமிர்ந்தால், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா ஜன்னலைத் தட்டுகிறார். நான் தழைமேல் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார்.

"தழ வெட்டிப் போட்டா அந்தாண்ட வழி இல்லன்னு அர்த்தம். அதுகூடத் தெரியாம இன்னாத்துக்கு வண்டி ஓட்றீங்க?"

பிறகு ஜெனியைப் பார்த்தார். கட்டைக் கீழே போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பழைய மண்ரோட்டில், ஓடையைத் தாண்டி, கைகாட்டிக்கொண்டே கூட்டிப்போனார். வழியெல்லாம் எனக்குத் திட்டு. பள்ளத்தில் இறக்கினால் திட்டு, பிரேக் போட்டால் திட்டு. ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்து, ஜெனி "அப்பா" என்று சொல்லும்வரை அவர் அந்த வாசலைவிட்டு நகரவில்லை.

அவர் பேர் பச்சையம்மாள். கும்பிடுவது வேறு சாமி. கர்த்தர் அதையெல்லாம் பார்க்கவில்லை. நான்தான் இத்தனை நாள் ஆள் பார்த்து மதித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆடு மேய்க்கிறவரிடமும் வண்டியை நிறுத்தி வழி கேட்கிறேன்.

பிரியமானவர்களே, நெருக்கத்தில் நம்பிக் கேளுங்கள். நிச்சயம் ஆள் அனுப்புவார். அந்த ஆள் திட்டிக்கொண்டே வந்தாலும் கதவைத் திறந்துவிடுங்கள்.