அக்காள் கேட்ட ஒரே ஒரு வேதாகமம்

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் அடங்கி இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் அக்காளைப் பற்றி எழுத வேண்டியவர் உண்மையில் எங்கள் பெரியண்ணன்தான். உடன்பிறந்த ஐந்து பேரில் நான்கு பேர் போய்விட்டதால் கடைசித் தம்பியாகிய நான் எழுதுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். அழகாக எழுதத் தெரியாது. நடந்ததை வரிசையாகச் சொல்வேன்.

அக்காள் என்னைவிட நான்கு வயதும் இரண்டு மாதமும் மூத்தவர். பாறசாலைக்குத் தெற்கே, பனைகள் நிறைந்த ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது குடும்பம் திருவனந்தபுரம் வந்தது. ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். அந்த அறையில் இருந்த ஒரே புத்தகம் அம்மாவின் தமிழ் வேதாகமம். அக்காள் எழுத்துக் கூட்டிப் படித்தது அதில்தான், நானும் அதில்தான்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் அக்காளுக்குத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பேசுவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அத்தான் காலமானபோது மகள் லில்லிக்கு ஒன்பது வயது. அழுதுகொண்டிருக்க அக்காளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பதினேழாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். ஞாயிறு பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் கற்பித்தார். தினமும் அதிகாலையில் ஒரு அதிகாரத்தை இரண்டு மொழிபெயர்ப்புகளில் அருகருகே வைத்துப் படிப்பார். பழையதில் படித்தால் மனசு அடங்கும் என்றும், புதியதில் படித்தால்தான் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியும் என்றும் சொல்வார்.

சர்க்கரை நோய் முதலில் கால்விரலை எடுத்தது, பிறகு கண்ணுக்கு வந்தது. சென்ற ஆண்டின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து, பேரூர்க்கடையில் அக்காளின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இடது கண் இனி இல்லை, வலது கண்ணில் கொஞ்சம் மீதி என்று மருத்துவர் சொல்லிவிட்ட வாரம் அது.

"டே தம்பி, இனி ரெண்டு மூணு வச்சுப் படிக்க எனக்கு ஒக்காது. ஒரே ஒரு வேதாகமம், ஒரே ஒரு விளக்கவுரை. இருக்கிற கண்ணுக்கு அதுதான் கணக்கு. எதுன்னு நீ பாத்துச் சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது அக்கா? போதகர்கிட்ட கேளுங்களேன்."

"அவரு எல்லாமே நல்லதுன்னு சொல்லுவாரு. நீதான் எதையும் எண்ணிப் பாக்காம விட மாட்டே."

இப்படித்தான் தொடங்கியது. ஒரு வாரத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை. நான் அதைப் பத்து மாதம் செய்தேன்.

நேமத்திலிருந்து பேருந்து ஏறி, கிழக்கேகோட்டையில் இறங்கி, பேரூர்க்கடைக்கு வேறு பேருந்து பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பையில் ஒரு புத்தகம் இருக்கும். அக்காளிடம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் புதியது ஒன்றும், லில்லிக்காக வாங்கிய மலையாள வேதாகமமும் இருந்தன. நான் பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று, எளிய தமிழில் ஒன்று, அடிக்குறிப்புகளோடு ஒன்று கொண்டுபோனேன். ஆக ஆறு. விளக்கவுரைகள் மூன்று. மொத்தம் ஒன்பது புத்தகங்கள். சாப்பாட்டு மேசையில் பாதியை அவை பிடித்துக்கொண்டன.

ஒரே சங்கீதத்தை ஐந்து தமிழிலும் எடுத்து, எத்தனை சொல், எத்தனை சொல் பொருள் விளங்காதது, ஒரு வாக்கியத்தின் சராசரி நீளம் என்ன என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். விளக்கவுரைகளையும் அப்படியே செய்தேன். ஒருவர் ஆறு வசனத்துக்கு நாற்பத்தொரு பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர் அதையே பதினோரு வரியில் முடித்திருந்தார். அக்காள் லென்ஸை வைத்து முதலாமவரின் நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு மூடினார்.

"கடவுளையே கூண்டில ஏத்தி விசாரிக்காரே இவரு!"

"ஆராய்ச்சி அக்கா. நெறைய மேற்கோள் இருக்கு."

"எங்க வேலையில ஒரு முறை உண்டும். ரெண்டு பேருக்கும் லைன் குடுத்தாச்சுன்னா ஆபரேட்டர் வெலகிரணும். நடுவில நின்னு பேசப்பிடாது. இவரு லைனும் குடுக்க மாட்டாரு, விலகவும் மாட்டாரு."

லில்லி அடுக்களையிலிருந்து சிரித்தாள். "மாமா, அம்மை இந்த ஆளுக்கு மெமோ குடுத்தாச்சு!"

அந்த வார்த்தையை அப்போதே பிடித்துக்கொண்டு பதினோரு வரிக்காரரைத் தேர்ந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. தவறாகச் சொல்லிவிட்டால் அக்காளின் மீதிப் பார்வை வீணாகுமே என்ற பயம். இன்னும் ஒரு முறை ஒப்பிட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஓணம் கழிந்ததும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒன்பது புத்தகங்களிலும் ஒவ்வொரு சீட்டு செருகினேன். "தினம் கொஞ்சம் படிச்சு, பத்துக்கு எத்தனைன்னு மார்க் போட்டுருங்க அக்கா. கூட்டிப் பாத்து முடிவு சொல்லிருதேன்" என்றேன். அக்காள் முகத்தை என் பக்கம் திருப்பி, "ஒனக்கு ஓய்வு குடுத்தது கவர்மெண்டுக்குத் தெரியுமாடே?" என்றார். சீட்டுகளை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் ஒன்பது சீட்டும் திரும்பி வந்தன. ஒன்பதிலும் ஏழு. இரண்டு சீட்டுகளில் நான் புத்தகத்தின் பெயர் எழுதிய வரியின் மேலேயே அந்த ஏழு விழுந்திருந்தது. நான் சராசரி எடுத்தேன். ஏழு வந்தது. காப்பியடித்த விடைத்தாளை முப்பத்து நான்கு ஆண்டுகள் கண்டுபிடித்தவனுக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. எல்லாம் சமமாக வந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன்.

"நிதானமா பாரு தம்பி. நான் எங்கே போறேன்?" என்றார்.

அந்த ஒரு மாதத்தில் மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு அக்காள் போய்விட்டார். வயது எண்பத்திரண்டு.

எங்கள் வீடுகளில், அவரவர் படித்த வேதாகமத்தை அவரவர் பெட்டிக்குள், கோத்த கைகளின் கீழே வைத்து அனுப்புவது வழக்கம். போதகர் வந்துவிட்டார். பாட்டு முடிந்தது. லில்லி என்னிடம் வந்தாள்.

"மாமா, ஏதை வைக்கட்டும்? வேகம் சொல்லுங்க."

மேசையில் ஆறு வேதாகமமும் இருந்தன. ஒரு நிமிடம் என்றேன். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆனது. ஞாயிறு பள்ளியில் எடுத்துப்போனது பழையது. பொருள் புரியப் படித்தது புதியது. இந்தக் கண்ணுக்கு ஏற்றது பெரிய எழுத்து. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லில்லி மலையாள வேதாகமத்தை எடுத்து அக்காளின் கைக்குக் கீழே வைத்தாள்.

"அது மலையாளம்லா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"அம்மை கடைசியா கேட்டது இதுதான் மாமா. சாயங்காலம் நான் வாசிப்பேன். எனக்குத் தமிழ் வாசிக்க அறியாதில்லியா."

"எதுக்கு நீ வாசிக்கணும்? அக்கா லென்ஸ் வச்சுப் படிக்கலியா?"

"கண்ணு ஓணத்துக்கு முன்னமே முழுசும் போச்சு மாமா. ஒங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"ஏன்?"

"சொன்னா நீங்க தேடுறத நிறுத்திருவீங்களாம். பின்னே வரவும் மாட்டீங்களாம்."

பெட்டியை மூடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதை இங்கே எழுதக் காரணம், அன்று என்னைத் தவறாக நினைத்தவர்கள் சிலர் உண்டு என்று கேள்விப்பட்டேன். நான் வருந்தாமல் நிற்கவில்லை. எண்ணிக்கொண்டு நின்றேன். நோட்டில் ஒவ்வொரு வருகைக்கும் தேதி போட்டிருந்ததால் எண்ண முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டு நான் அக்காளின் வீட்டுக்குப் போனது ஆறு முறை. வேதாகமம் தேடிய பத்து மாதத்தில் போனது முப்பத்தெட்டு முறை. அந்த முப்பத்தெட்டில் ஒரு முறைகூட, "நான் வாசிக்கிறேன், நீங்கள் கேளுங்கள் அக்கா" என்று சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அடக்கம் முடிந்து பதினைந்தாம் நாள் லில்லி பழைய தமிழ் வேதாகமத்தைத் துணியில் சுற்றி நேமத்துக்குக் கொண்டுவந்தாள். ஓரங்களில் எல்லாம் அக்காளின் பென்சில் எழுத்து.

"மாமா, இதில அம்மை என்னெல்லாமோ எழுதி வச்சிருக்காங்க. எனக்கு ஒரு அட்சரம் அறியாது. நீங்க வச்சுக்கிட்டா எனக்கு இல்லாமப் போகும். நான் வச்சுக்கிட்டா சும்மா இருக்கும். என்ன செய்ய?"

மறுநாள் நான் பேரூர்க்கடைக்குப் போனேன். அன்று முதல் மாலை ஐந்து மணிக்கு ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். ஓரத்தில் அக்காள் எழுதியிருந்தால் அதையும் வாசிக்கிறேன். லில்லி கேட்பாள். புரியாத சொல்லுக்கு மலையாளம் சொல்வேன். விளக்கவுரை மூன்றையும் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டோம்.

அக்காளின் கடைசி நாட்களில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரண்டு இரவும் லில்லியோடு இருந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரருக்கும், பெட்டி அருகே என்னை அவசரப்படுத்தாமல் பொறுத்துநின்ற போதகருக்கும், அடக்கத்துக்கும் நினைவு ஆராதனைக்கும் தொலைவிலிருந்து வந்த உறவினர் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. லில்லிக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவளால் இதை வாசிக்க முடியாது. நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

வேதாகமத்தில் ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரங்கள். இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை முந்நூற்றுப் பத்து முடிந்திருக்கிறது. மீதி எண்ணூற்று எழுபத்தொன்பது. நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு ஆண்டும் ஐந்து மாதமும் ஆகும். எனக்கு வயது எழுபத்தொன்பது. மழை நாளில் கிழக்கேகோட்டையில் இரண்டாவது பேருந்து கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. அதனால் இப்போது மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறேன்.