பாலுக்குப் பக்கத்தில் உப்பு

என் மனைவிக்குத் தொண்டையில் புண் வந்தபோது எங்கள் பெண்ணுக்கு எட்டு வயது. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனித் தேறுவது கஷ்டம் என்றார். குளிர்ச்சியாக எது இறங்கினாலும் கொடுங்கள், ஐஸ்கிரீம்கூடக் கொடுக்கலாம் என்றார். கடைசியில் சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஏன்னா, பாண்டி பஜார்ல கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சிருப்பாளே, அதுதானே? எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள்.

அவள் எதையும் கேட்டு வாங்கிக்கொள்கிறவள் இல்லை. ஆனால் வெளியில் செய்த பண்டம் எங்கள் வீட்டுக்குள் வராது. ஐஸ்கிரீமில் முட்டை சேர்க்கிறார்கள் என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். நானே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

நான் படித்தது எட்டாவது வரைதான். பக்கத்துத் தெரு நூலகத்தில் பேப்பர் பார்ப்பதோடு சரி, அலமாரிப் பக்கம் போனதில்லை. அங்கிருந்த அம்மாளிடம் கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குடும்பப் பெண்களுக்கான கைத்தொழில் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் முதலில் போட்டிருந்த ஐஸ்கிரீம் செய்முறையில் முட்டை இருந்தது. அடுத்த பக்கத்தில் முட்டை இல்லாமல் ஒன்று. அதைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டேன். வேறொரு புத்தகத்தில், அந்தக் காலத்தில் கப்பலில் ஐஸ் கொண்டுவந்து நம் கடற்கரையில் ஒரு கட்டடம் கட்டி வைத்திருந்தார்கள் என்று படித்து, அதையும் வீட்டில் சொன்னேன். "கப்பல்ல வரதுக்குள்ள கரையாதோ?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது.

வியாழக்கிழமை ஐஸ் வாங்கப் போனேன். மரத்தூளைத் தட்டிவிட்டு உடைத்துக் கொடுத்த ஆள், "இன்னா சாமி, ஐஸ்கிரீமா? உப்ப நெறய அள்ளிப் போடு" என்றான். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது: ஐஸோடு கல்லுப்பைக் கலந்து, பால் இருக்கும் பாத்திரத்தை அதற்குள் வைத்துச் சுற்றவேண்டும். ஆனால் பாலில் உப்புப் படக்கூடாது என்பது எங்கள் ஆசாரம். பால் சாதத்துக்கு ஊறுகாய்கூடத் தொட்டுக்கொள்ள மாட்டோம். உடம்பு சரியில்லாதவளுக்குப் பாவத்தைச் சேர்க்க வேண்டாம், பாலுக்குப் பக்கத்தில் வந்தாலும் தோஷம்தான், ஐஸ் மட்டும் போதும் என்று நினைத்து உப்பை விட்டுவிட்டேன்.

சுண்டக் காய்ச்சிய பாலைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மூடி, ஐஸ் வாளிக்குள் வைத்து, ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இரண்டு மணி நேரம் சுற்றினேன். ஐஸ் தண்ணீரானது. பால் பாலாகவே இருந்தது.

அவள் நாலு ஸ்பூன் சாப்பிட்டாள். "இது ஆறின பாயசம்னா" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

மறுநாளே ஓடினேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பது பூட்டைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை அந்த அம்மாள் குழந்தைகளுக்கான விஞ்ஞானப் புத்தகம் ஒன்றைப் பிரித்துப் படம் காட்டினார். உப்புச் சேர்ந்தால்தான் ஐஸ் பாலை உறையவைக்கிற அளவுக்குக் குளிர்ந்துபோகுமாம். "உப்பு வெளியில இருக்கு சார். நடுவுல பாத்திரம் இருக்கு. பால்ல எங்க படும்?" என்றார். திரும்புகிற வழியிலேயே கல்லுப்பு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உப்பை அள்ளிப் போட்டேன். முக்கால் மணியில் கரண்டி இறங்காத அளவுக்கு உறைந்துவிட்டது. ஆனால் அன்று காலையிலிருந்தே அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. உதட்டில் தடவினேன். ஓரமாக வழிந்துவிட்டது. பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நீ சாப்டுடி. எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

குழந்தை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாய் போட்டுக்கொண்டது. கண்ணை மூடியது. பிறகு அம்மாவைப் பார்த்தது.

"நன்னாவே இல்லம்மா" என்றது.

அவள் புதன்கிழமை போய்விட்டாள். சுவாமிக்குப் பயந்துதான் உப்பை விட்டேன், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. அந்த வியாழக்கிழமை அவளுக்குத் தொண்டை திறந்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சந்நிதியில் நின்று எதுவும் கேட்க வாய் வருவதில்லை.